ஹிசாயோ இறக்கி வைத்த மலை

யுமோரியில் பலகை எழுதும் ஹிசாயோவுக்குக் கை நடுங்கியதே இல்லை. யாருக்கும் 'முடியாது' என்று சொல்லத்தான் வாய் வராது. வெந்நீர் ஊற்றுகளை நம்பிப் பிழைக்கும் மலையடி ஊர் அது. பொதுக் குளியலறைச் சுவரில் நிற்கும் ஃபூஜி மலை, சோயா விழுதான மிசோ விற்கும் கடையின் பெயர்ப்பலகை, சவரக்கடைக் கண்ணாடியில் உள்ள கத்தரிக்கோல் எல்லாம் அவள் தூரிகையிலிருந்து வந்தவைதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஏணியக் கெட்டியாப் புடிச்சுக்குற ஆளாத் தேடினேன், ஒருத்தனும் அமையல" என்று சொல்லிவிட்டுச் சாயம் குழைக்கப் போய்விடுவாள்.

அவளுக்கு நாற்பது வயதானபோது, ரயில் நிலைய வாசலில் வைக்க ஊர்ப்படம் ஒன்று எழுதித் தரும்படி விடுதிக்காரர் சங்கம் கேட்டது. வானத்திலிருந்து பார்ப்பதுபோல ஆறு, பாலம், விடுதிகள், பின்னால் மலை என்று எல்லாம் இருக்க வேண்டும். சுவரில் ஃபூஜியை எழுதினவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் நினைத்தாள். பாவம், விடுதிக்காரர்களை மறந்துவிட்டாள்.

பாலத்தடி விடுதியின் தகேஹரா முதல் ஆளாக வந்தார். கொண்டு வந்த பயறு இனிப்பை நடுவில் வைத்துவிட்டு, காயாத படத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா ஹிசாயோ, நம்ம விடுதி ஸ்டேஷன விட்டுத் தள்ளி இருக்கற மாதிரித் தெரியுதே."

"தள்ளித்தானண்ணே இருக்கு."

"இருக்கறது வேற. அத எதுக்குப் படத்துல போட்டு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு?"

இனிப்பைத் தின்றாகிவிட்டது, வேறு வழியில்லை. ஆற்றைக் கொஞ்சம் வளைத்துப் பாலத்தை இழுத்தாள். அதைக் கேள்விப்பட்டு அடுத்தவர் ஒரு புட்டி சாக்கே மதுவோடு வந்தார். அவருக்காகக் கோயிலை நகர்த்தினாள். கடைசியில் ஊரிலுள்ள விடுதியெல்லாம் ரயிலை விட்டு இறங்குகிறவன் மடியிலேயே விழுவதுபோல நெருக்கியடித்து நின்றன.

கேட்காதவள் ஒருத்திதான். மலைமேல் யமாபுகி விடுதியைத் தனியாளாக நடத்திய சுமியே, ஹிசாயோவோடு ஒரே வகுப்பில் படித்தவள். விடுமுறை நாளில் ஹிசாயோ சண்டை போடவும் குளிக்கவும் போகிற இடம் அதுதான். அவ்வளவு உயரத்துக்கு வேறு யாரும் ஏறுவதில்லை. இந்த வருஷமும் இலை சிவக்கும் பருவத்தில் அறைகள் காலியாகக் கிடந்தால், கதவைச் சாத்திவிட்டு நாகோயாவில் இருக்கும் மகனிடம் போய்விடுவதாகச் சுமியே முடிவு செய்திருந்தாள். அதை நினைத்தாலே ஹிசாயோவுக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்கே வளைந்த தூரிகை தோழிக்கு வளையாதா? மலையைத் தூக்கி ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே இறக்கி வைத்தாள். பாதையை நேராக ஒரே இழுப்பில் இழுத்து, அதன் நுனியில் யமாபுகியை அழகாக எழுதினாள்.

இலைகள் சிவந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹிசாயோ மேலே குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் இரண்டு பேர் வந்து விழாத குறையாக நின்றார்கள். ஒசாகா துணிக்கடைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும். தங்கியிருந்த விடுதியின் பருத்தி அங்கியோடும் மரமிதியடியோடும் ஊற்று ஊற்றாகப் போய்க் குளித்து வருவது எல்லோரும் செய்வதுதான். சாப்பாட்டுக்கு முன் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வரலாம் என்று, படத்தை நம்பி இவர்களும் அப்படியே கிளம்பியிருக்கிறார்கள். துணிக்காரரின் ஒரு மிதியடி காலில் இருந்தது. வார் அறுந்த இன்னொன்று கையில் இருந்தது.

"அந்தப் படத்த எழுதினவன் மட்டும் என் கையில கெடச்சான்னா..." என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே.

சுமியே தரையைப் பார்த்தாள். ஹிசாயோவுக்குப் பொய் எழுத வருமே தவிர, சொல்ல வராது.

"எழுதினது நான்தாங்க."

துணிக்காரர் திகைத்துப் போனார். "பயப்படாதம்மா, அடிக்கறதுக்கெல்லாம் அவருக்குத் தெம்பு இல்ல" என்றாள் மனைவி.

"மேல இருந்து பாத்தா மலை தட்டையாத்தாங்க தெரியும். பலகையில உசரத்த எங்க வைக்கறது?" என்று ஹிசாயோ இழுத்தாள்.

அவர் அவள் தோளிலிருந்த துண்டை வாங்கினார். விசிறிபோல மடித்துப் பாயில் வைத்தார். "மேல இருந்து பாரு. ஒரு சாண் இருக்குமா?" உதறி நீட்டினார். "இவ்வளவையும் நான் காலால அளந்துட்டு வந்திருக்கேன். மடிச்ச துணியக் காட்டி இதுதான் நீளம்னு நான் வித்தா, ஊருல விட்டு வைப்பாங்களா?"

ஹிசாயோ சிரித்துவிட்டாள். வெட்கமாகவும் இருந்தது. பலகை எப்படியும் பாதி ஏற்றத்தை விழுங்கிவிடும். மீதியை இவளே விழுங்கியிருக்கிறாள். காளான் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்ட தம்பதி, இறங்கத் தெம்பில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

"படத்த மாத்தி எழுதப் போறேன்" என்றாள் ஹிசாயோ மறுநாள் காலை.

"நெசத்த எழுதினா எவடி ஏறி வருவா?"

"பொய்ய நம்பி ஏறினவ திரும்ப வருவாளாடி?"

"நான் நாகோயா போய்த் தொலையணும், அவ்வளவுதான உனக்கு" என்று சுமியே கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தச் சொல் ஹிசாயோவைச் சுட்டது. ஆனாலும் இறங்கிப் போய்ப் பலகையைச் சுரண்டினாள். மலையை அதன் இடத்துக்கே ஏற்றி, பாதைக்கு அதன் வளைவுகளையெல்லாம் திருப்பிக் கொடுத்தாள். மலைப்பாதையைப் பத்துப் படியாகப் பிரிப்பது அங்கே பழைய வழக்கம். தூரத்தை அளந்தல்ல, ஏறுகிறவர் படும் பாட்டை அளந்து. அந்தப் படிகளைக் குறித்து, பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதினாள். முதல் படியில் பேசிக்கொண்டே ஏறலாம். மூன்றில் பேச்சு நிற்கும். ஐந்தில் குடிக்க ஊற்றுத் தண்ணீர் உண்டு. ஏழில் கூட்டி வந்தவரைத் திட்டத் தோன்றும், திட்டிக்கொள்ளலாம். பத்தில் வெந்நீரும் காளான் குழம்பும். மரமிதியடி வேண்டாம்.

"சுமியேயோட பொழப்புல நல்லா மண்ணைப் போட்ட" என்றார் தகேஹரா. ஹிசாயோவுக்கும் அந்தப் பயம் இருந்தது. ரயிலில் வருகிறவர்கள் பலகை முன் நின்று சத்தமாகப் படித்துச் சிரிப்பதைப் பார்த்தாள். சிரித்தவர்கள் ஏறினார்களா என்று பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. மேலே போய்ச் சாத்திய கதவைப் பார்க்க நேர்ந்தால் என்ன செய்வது என்று பருவம் முழுக்க வேலையைச் சாக்குச் சொல்லிக் கீழேயே கிடந்தாள்.

இலைகள் உதிரத் தொடங்கிய பிறகு, பொறுக்க முடியாமல் ஒரு நாள் கிளம்பினாள். யமாபுகியின் வாசலில் கால் வைக்க இடமில்லை. சேறு படிந்த கேன்வாஸ் ஷூக்கள் வரிசை வரிசையாகப் படிவரை இறங்கியிருந்தன. தலையில் துண்டும் கையில் கரண்டியுமாகச் சுமியே வந்து எட்டிப் பார்த்தாள். வேர்த்து வழிந்துகொண்டிருந்தாள்.

"இடமில்லடி" என்றாள்.

ஹிசாயோ அந்த ஷூக்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு சந்தோஷமான சொல்லை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை.

"இடமில்லங்கறேன், அதுக்கு எதுக்குடி அழுவுற? எந்திரி, உள்ள நறுக்க ஆளில்லாமக் காளான் மலையாக் கெடக்கு."