இன்னும் கொஞ்சம் போகும்லா

மகன் புதிதாக வாங்கிய மின்சாரக் காரில் நேற்று நானும் மனைவி ஸ்டெல்லாவும் ஜாலான் புசாருக்குப் போனோம். பொத்தானை அமுக்கினான், சத்தமே இல்லை. "ஸ்டார்ட் ஆயிடுச்சாடா?" என்று கேட்டு அவனிடம் சிரிப்பு வாங்கிக்கொண்டேன். என்ன செய்வது, பழைய காது. எங்கள் பழைய காரில் சாவியைப் பாதி திருப்பினாலே பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் லேசாக முனகும். அதைக் கேட்டால்தான் எனக்கு நிம்மதி.

அந்தக் காரில்தான் சுவா சூ காங்கிலிருந்து வாராவாரம் எல்லைப் பாலம் தாண்டி ஜொகூருக்குப் போவோம். ஸ்டெல்லாவின் அக்கா அங்கே ஆஸ்பத்திரியில் புற்றுநோயோடு கிடந்தார். திரும்பும்போது பெட்ரோல் போடுவோம். அங்கே மலிவு. ஆனால் போகும்போதே டேங்க் முக்கால்வாசி நிறைந்திருந்தால்தான் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் விடுவார்கள். மிச்சமுள்ள அந்தக் கால்வாசிக்காக நம்மூர்க்காரர்கள் அடித்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். காரைப் பிடித்து ஆட்டி ஆட்டி வாய்வரை ஊற்றுவார்கள். ஸ்டெல்லா அதில் கெட்டிக்காரி. "இன்னும் கொஞ்சம் போகும்லா, ஆட்டுங்க!" அக்காவைப் பார்த்து அழுத கண்ணோடுதான் அதையும் சொல்வாள்.

அப்படி ஆட்டிவிட்டு வந்த மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன். உடனே வரச் சொன்னார்கள். கார்ப்பார்க்குக்கு ஓடினோம். பம்ப் முனகியது, வண்டி கிளம்பவில்லை. குப்பென்று பெட்ரோல் நெடி.

"இன்னொரு தடவ ஸ்டார்ட் பண்ணுங்க."

"வேணாம். நெடி போகட்டும். ஒரு பொறி போதும்."

"அக்கா தாங்க மாட்டா."

பஸ்ஸில் போனால் எல்லையில் இறங்கி ஏறி வரிசையில் நின்றே பொழுது போய்விடும். கதவுகளைத் திறந்துவிட்டு, அடியில் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தேன். இல்லை. வாய்வரை ஊற்றியதில் ஆவி மட்டும் போகவேண்டிய குழாய்க்குள் பெட்ரோல் ஏறி, எஞ்சின் அளவுக்கு மேல் குடித்திருந்தது. காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஸ்டெல்லா தூணில் சாய்ந்து ஜெபமாலை உருட்டினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நெடி அடங்கியபின் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் சாவியைத் திருப்பினேன். இருமி இருமிக் கிளம்பியது.

அக்காவுக்கு நினைவு இருந்தது. "சாப்டியாடி?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டார். அன்று மாலையே போய்விட்டார்.

அதன்பிறகு வெறும் பெட்ரோலுக்காகப் பாலம் தாண்ட அவளுக்கு மனம் வரவில்லை. பத்து வருட உரிமம் முடிந்ததும் அந்தக் காரையும் உடைக்கக் கொடுத்தாயிற்று.

நேற்று திரும்பும்போது மகன் உற்சாகமாகக் கேட்டான். "ஒரு நாள் ஜொகூர் வரைக்கும் போய்ட்டு வரலாமாம்மா? சார்ஜ் தாங்கும்."

ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அங்க யாருடா இருக்கா?"