பெரிய மீனின் வாய்க்குள்

கடலை நான் பக்கத்தில் போய்ப் பார்த்தது இரண்டே தடவைதான். இரண்டு தடவையும் காலைக்கூட நனைக்காமல் ஓடி வந்துவிட்டேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தும் இன்றைக்கும் அட்டை கடித்தால் அலறுவேன். அப்படிப்பட்டவள் கையில் பவளப்பாறைப் படம் ஒன்றைச் சுருட்டிக் கொடுத்து, இதை வைத்துப் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள் என்று பயிற்சி வகுப்பில் அனுப்பி வைத்தார்கள்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, பாதி தேயிலையும் பாதி ரப்பருமாக இருக்கிற ஒரு தோட்டத்தில் நான் பிள்ளைக் காம்பரா டீச்சர். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். கைக்குழந்தைகளை ஆயாம்மா பார்த்துக்கொள்வார். நடக்கிறது, ஓடுகிறது, கடிக்கிறது எல்லாம் என் பாடு.

மீன் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கருவாடும் டின் மீனும்தான். அதனால் படத்தைச் சுவரில் மாட்டியதும் வாயைப் பிளந்துவிட்டார்கள். கடல்சாமந்திக்குள் ஒளிந்துகொள்ளும் கோமாளி மீனைக் காட்டினேன். கண் சரியாகத் தெரியாத இறால் வளை தோண்டுவதையும், அதற்கு ஒரு மீன் வாசலில் நின்று காவல் காப்பதையும் சொன்னேன். கடைசியாகச் சுத்தக்கார மீனுக்கு வந்தேன். விரல் நீளம்கூட இருக்காது அது. பெரிய மீன் வாயை ஆவென்று திறந்துகொண்டு வந்து நிற்கும். இந்தச் சின்னது உள்ளே போய்ப் பல்லிடுக்கில் இருப்பதையெல்லாம் கொத்தித் தின்றுவிட்டு வரும். சின்னதுக்குச் சாப்பாடு, பெரியதுக்குச் சுகம்.

"கடிச்சிராதா டீச்சர்?" என்றாள் ஒரு பிள்ளை. நாலு வயது. வீட்டுக்கு ஒரே பிள்ளை. அம்மா கொழுந்து பறிக்கிறவள், அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர்.

"ஒதவி செய்றவங்கள யாராச்சும் கடிப்பாங்களா, தங்கம்? கடிக்கவே கடிக்காது" என்றேன்.

பாடத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் வாயும் கையும் சும்மா இருக்காதே! பெரிய பிள்ளைகளைக் கலவாய் மீனாக்கி வாயைத் திறக்க வைத்தேன், சின்னப் பிள்ளைகளைச் சுத்தக்கார மீனாக்கினேன். காம்பரா முழுக்க ஒரே சிரிப்பு. ஒரு வாரத்துக்கு அந்த விளையாட்டைத் தவிர வேறெதுவும் இல்லை.

எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரு செவலை நாய் இருந்தது. யாருக்கும் சொந்தமில்லை, எல்லார் வீட்டுச் சோறும் தின்கிற நாய். அன்றைக்குக் காலையில் மழை விட்டிருந்தது. ஆயாம்மா பால் ஆற்றிக்கொண்டிருந்தார், நான் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளை எண்ணும்போது, கடிச்சிராதா என்று கேட்ட அந்த நாலு வயதுக்காரியைக் காணவில்லை. வெளியே வந்து பார்த்தால், மலை ஊற்றுப் பீலித் தண்ணீர் விழுகிற இடத்தில் குந்தியிருக்கிறாள். எதிரே அந்த நாய். வாய் தொங்கிப்போய், எச்சில் கயிறு கயிறாக வழிகிறது. என் தங்கத்தின் கை மணிக்கட்டு வரை அதன் வாய்க்குள் இருக்கிறது.

நான் போட்ட கூச்சல் மேல்மலைக்கே கேட்டதாம். நாய் மிரண்டு தலையை உதறிக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் ஓடியது. பிள்ளையின் கையில் இரண்டு கீறல், லேசாக ரத்தம். வாயை மூட முடியாமல் எச்சில் வடிக்கிற நாய் என்றால் வெறிநாய்தான் என்று எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பீலிக்குக் கீழே பிடித்து, சவர்க்காரம் போட்டுத் தேய் தேயென்று தேய்த்தேன்.

"கடிக்கல டீச்சர்! எலும்பு மாட்டியிருக்கு டீச்சர்! நான் எடுக்கப் போனேன்..."

"வாய மூடு! பேசாத!" என்று கத்தினேன். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முன்னால் வரும்.

அதற்குள் பக்கத்து லயத்தில் இருந்த பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி சுண்ணாம்பு கொண்டு வந்தாள். கீறலில் வைக்க விடாமல் தட்டிவிட்டேன். இன்னொருத்தி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டு வந்து வைத்து, "பாரு புள்ள, உள்ள பாரு. நாய் மொகம் தெரியுதா?" என்றாள். வெறிநாய் கடித்திருந்தால் தண்ணீரில் நாய் முகம் தெரியும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. பிள்ளை ஏங்கி ஏங்கி அழுதுகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவ்வளவுதான்.

"ஐயோ, தண்ணிக்குப் பயப்படுதே! மாரியம்மா!"

அந்த நோய் அதே மணித்தியாலத்தில் வராது, நாட்கணக்கு ஆகும் என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன், நோட்டீஸாகச் சுவரில் ஒட்டியும் இருக்கிறேன். இருந்தும் அந்தக் குரலைக் கேட்டதும் நானும் ஒரு நிமிடம் நம்பிவிட்டேன். வாளியை எட்டி உதைத்தேன். "போங்க எல்லாரும்! போயி அவ அம்மாவக் கூட்டிட்டு வாங்க!"

கூடையோடு ஓடி வந்த அவள் அம்மாவிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன், என் மீன் பாடம் உட்பட. அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். நானும் ஏறினேன். வழியிலே அவள் புருஷனுக்கு அழைத்தாள். "பாப்பாவ நாய் கடிச்சிருச்சுங்க. வெறிநாய் மாதிரி இருக்குங்க" என்று சொன்னதோடு சிக்னல் அறுந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நோனா, அந்தச் சிங்கள டாக்டரம்மா, காயத்தைப் பார்த்தார். நான் சிங்களத்தில் விவரம் சொன்னேன். முதலில் கேட்டதே, "பல்லா கோ?" நாய் எங்கே என்று. ஓடிவிட்டது என்றேன். "பல்லாவ மரன்ன எபா" என்றார், நாயைக் கொன்றுவிடாதீர்கள் என்று. பிடித்துக் கட்டி வையுங்கள். இரண்டு கிழமை, பதினாலு நாள், உயிரோடு நல்லபடியாக இருந்தால் அதற்கு அந்த நோய் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். எதற்கும் பிள்ளைக்கு ஊசியை இன்றைக்கே தொடங்குவோம் என்றார்.

ஊசி போடும்போது பிள்ளை என் கையைத்தான் பிடித்துக்கொண்டது. நான் இன்னொரு கையால் அவள் அப்பாவுக்கு அழைத்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. தோட்டத்தில் எனக்குத் தெரிந்த எல்லா நம்பருக்கும் அடித்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. அப்போதே எனக்குள் ஏதோ சொல்லிவிட்டது.

தாயையும் பிள்ளையையும் வார்டில் நிறுத்திக்கொண்டார்கள். நான் மட்டும் திரும்பி வந்தேன். லயத்துக் கோடியில் ஆம்பிளைகள் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா சட்டையெல்லாம் சேறாக என்னை நோக்கி ஓடி வந்தார். "பாப்பா எப்படி இருக்கா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, என் பதிலைக் கேட்டதும் பெருமூச்சு விட்டார். "இனி பயமில்ல டீச்சர். அடிச்சுப் பொதச்சாச்சு. சுண்ணாம்பும் போட்டாச்சு."

வெறிநாயை உயிரோடு விட்டால் தோட்டத்துக்கே ஆகாது என்பதுதான் எங்கள் வழக்கம். பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். பால் வாளியைப் போட்டது போட்டபடி, ஆளுக்கொரு தடியோடு ஓடியிருக்கிறார்கள். அவர் செய்தது பிள்ளை மேல் இருந்த பாசத்தில்தான். அதனால்தான் டாக்டர் சொன்னதை அவரிடம் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. சொன்னேன். அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். "இப்ப எப்படித் தெரிஞ்சுக்கிறது டீச்சர்? எம் பிள்ளைக்கு வருமா வராதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

ஒரு வழி இருந்தது. அடுத்த நாள் காலையில் சுகாதாரப் பரிசோதகர், நாங்கள் பி.எச்.ஐ. மாத்தயா என்று சொல்கிறவர், ஐஸ் போட்ட பெட்டியோடு வந்தார். தலையைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். புதைத்தவரே தோண்டினார். நான் ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றேன். என்னால் அதெல்லாம் பார்க்க முடியாது.

"டீச்சர்" என்று அவள் அப்பா கூப்பிட்டார்.

கையுறை போட்டிருந்த பி.எச்.ஐ. மாத்தயா நாயின் வாயைத் திறந்து பிடித்திருந்தார். மேல் அண்ணத்தில், இந்தப் பக்கப் பல்லுக்கும் அந்தப் பக்கப் பல்லுக்கும் குறுக்கே, ஒரு எலும்புத் துண்டு இறுகிக் கிடந்தது. அதைச் சுற்றிச் சதை புண்ணாகியிருந்தது. அதனால்தான் அந்த வாயில்லா ஜீவனால் வாயை மூட முடியவில்லை. அதனால்தான் எச்சில்.

"இதைப் பார்த்து ஒன்றும் முடிவு பண்ண ஏலாது" என்றார் மாத்தயா சிங்களத்தில். "ரிசல்ட் வரட்டும்."

வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும், ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அவர்கள் வீட்டுக் காம்பராவுக்குப் போவேன். அவள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். ஒருநாள் புரையேறி இருமினாள். என் உயிர் போய் உயிர் வந்தது. அவள் அம்மாவும் நானும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். அவள் அப்பா வேலைக்குப் போகாமல் வாசலிலேயே குந்தியிருந்தார்.

நாய்க்கு வெறி இல்லை என்று ரிசல்ட் வந்தது. அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தோம். அவள் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அவளைத் திரும்பப் பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டு வந்து விட்ட அன்றைக்கு, அவள் அப்பா படியில் நின்று தலையைக் குனிந்துகொண்டார். "நாய் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா டீச்சர். டவுனுக்குப் போயிருச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். என்னால முடியல. நீங்க ஏதாச்சும் சொல்லிருங்க."

அன்று முழுக்க அவள் பக்கம் போகாமல் கைக்குழந்தைகளோடு கிடந்தேன். மத்தியானம் மற்றப் பிள்ளைகள் தூங்கும்போது அவளே வந்து என் மடியில் உட்கார்ந்தாள்.

"நாய் எப்ப வரும் டீச்சர்?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஏனோ வரவில்லை. "வராதும்மா. செத்துப்போச்சு. நாங்கதான் அடிச்சிட்டோம்."

அவள் அழுவாள் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அழவில்லை. "ஏன் டீச்சர்?"

"பயந்துட்டோம் தங்கம். பெரியவங்க எல்லாரும் ரொம்பப் பயந்துட்டோம்."

அவள் கீறல் ஆறிய கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

"நானுந்தான் பயந்தேன் டீச்சர். கைய உள்ள விடுறப்ப ரொம்பப் பயமா இருந்துச்சு. ஆனா அதுக்கு வலிச்சுச்சுல்ல?"