டியூப் பாஷாவின் கொடிக்கயிறு

செஞ்சி கடைத்தெருவில் ஜான் பாஷாவின் வாடகை சைக்கிள் கடைக்கு எண்பதுகளில் இருந்த மவுசு இன்றைக்கு எந்த டி.வி. பெட்டிக்கும் கிடையாது. கடை திறந்ததுமே பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஆள் சேர்ந்துவிடும். சைக்கிள் எடுக்க வந்தவர் பாதி, சேதி கேட்க வந்தவர் மீதி. ஒருவர் பேப்பரை உரக்கப் படிப்பார், ஆணியில் தொங்கும் டிரான்சிஸ்டர் குறுக்கே பேசும். அவரவர் தலைவருக்காகத் தொண்டை கிழியக் கத்தினால்தான் அவர்களுக்கு டீ இறங்கும். நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

பாஷா ஆளுங்கட்சித் தலைவரின் வெறியர். எதிர்க்கடை மளிகைக் கிருஷ்ணமூர்த்தி எதிர்க்கட்சி. எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர். மழையோ வெயிலோ, கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். கொட்டுகிற மழையில் சொந்த மச்சினன் கேட்டும் கொடுக்காத குடை அது.

எண்பத்து நாலில் தலைவர் உடம்பு முடியாமல் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு மத்தியானம், திண்டிவனத்திலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் படியில் நின்றபடியே, "தலைவரு பூட்டாராம்பா!" என்றார். அவ்வளவுதான், பாஷா அலறியடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு முனைக்கு ஓடினார். அங்கே அவர் கையால் நட்ட கட்சிக் கொடிக்கம்பம். கொடியைப் பாதிக்கு இறக்கினார். கறுப்புத் துணிக்கு எங்கே போவது? கையோடு கொண்டுவந்த பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டை அறுத்துக் கட்டிவிட்டு, கம்பத்தடியில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்.

சாயங்கால ரேடியோச் செய்தியில் தலைவர் தேறிவருகிறார் என்றார்கள். ஊரே சிரித்தது. "உசுரோட இருக்கறவருக்கு எழவு கூட்டினவன்" என்று சொந்தக் கட்சிக்காரர்களே முகம் கொடுக்கவில்லை. டியூப் பாஷா என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து கிருஷ்ணமூர்த்தி தினமும் கடையைத் திறக்கும்போது தவறாமல் கேட்பார்: "இன்னா பாஷா, கொடி மேல இருக்குதா, பாதியில இருக்குதா?"

பட்ட பிறகுதான் புத்தி வரும். பாஷா தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்.

"கண்டக்டரு சொன்னா காது குடுக்காத. பேப்பர்ல கொட்டை எழுத்துல வந்தா இன்னொரு பேப்பரப் பாரு. நம்மாளு சொல்ற நல்ல சேதியிலயும் எதிராளி சொல்ற கெட்ட சேதியிலயும் பாதியக் கழிச்சிடு."

"அப்ப நான் சொன்னா நம்பமாட்டியா?" என்பார் கிருஷ்ணமூர்த்தி.

"பொழுது விடிஞ்சிதுன்னு நீ சொன்னாகூட வெளிய வந்து பாத்துட்டுத்தான் நம்புவேன்."

மூன்று வருஷத்தில் நிலைமை மாறிற்று. எந்தச் சேதி வந்தாலும், "பாஷா ஒத்துக்கினாரா?" என்று பக்கத்துக் கிராமமான தொண்டூர்க்காரர்கள்கூடக் கேட்டுவிட்டுத்தான் ஊருக்குச் சைக்கிளை மிதிப்பார்கள். திரும்பி வந்த மானத்தை பாஷா கண்ணில் வைத்துக் காத்தார். இன்னொரு தடவை தப்பாகக் கொடியை இறக்கினால் இந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

எண்பத்தேழு மார்கழியில் ஒரு காலை. முதல் பஸ் கண்டக்டர் அழுதுகொண்டே இறங்கினார். டிரான்சிஸ்டரில் சோக வாத்தியம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கடை வாசலில் நூறு பேருக்கு மேல் கூடிவிட்டார்கள்.

"பாஷா, கொடிய எறக்கு."

"ரேடியோ அழுவுது, சேதி சொல்லலியே? வாயத் தொறந்து சொல்லட்டும்."

சொல்லிவிட்டு, காற்று நிரம்பிய சக்கரத்துக்கே மறுபடி காற்றடித்தார். மானம் போய்விடும் என்ற பயம் மட்டுமல்ல அது. தான் ஒத்துக்கொள்ளாத வரைக்கும் செஞ்சியிலாவது தலைவர் உயிரோடு இருப்பார் என்று அந்தப் பைத்தியக்கார மனசு நம்பியது.

கூட்டம் வழிவிட்டது. கிருஷ்ணமூர்த்தி வந்துகொண்டிருந்தார். எந்தக் கடையடைப்புக்கும் மூடாத கடை மூடியிருந்தது. வழக்கமான கேள்வி வரப்போகிறது என்று பாஷா தலையைக் குனிந்துகொண்டார். கேள்வி வரவில்லை. ஒரு கறுப்புத் துணி நீண்டது.

"டியூபு வேணாம் பாஷா. இதக் கட்டு."

பாஷா நிமிர்ந்து பார்த்தார். கிருஷ்ணமூர்த்தியின் கக்கத்தில் வெறும் கம்பிகளோடு குடை இருந்தது.

கண்டக்டர் பொய் சொல்லலாம். பேப்பரும் சொல்லலாம். அந்தக் குடையைக் கிழித்தவன் பொய் சொல்லமாட்டான்.

"பூட்டாரா மூர்த்தி?"

"பூட்டாருய்யா. உங்காளுதான். இருந்தாலும் இன்னா மனுசன்!"

எதிராளி சொன்ன கெட்ட சேதி. சட்டப்படி பாதியைக் கழிக்க வேண்டும். பாஷா கழிக்கவில்லை. பம்பைக் கீழே போட்டுவிட்டு நடந்தார். கூட்டம் பின்னால் வந்தது.

கம்பத்தடியில் பாஷா கயிற்றை அவிழ்த்தார். கிருஷ்ணமூர்த்தியும் கை கொடுத்தார். இருவருமாகக் கொடியை இறக்கி, குடைத்துணியைக் கட்டி, பாதிக்கு ஏற்றினார்கள். முடிச்சுப் போட மறந்து பாஷா கிருஷ்ணமூர்த்தியின் தோளில் விழுந்து அழுதார். எதிர்க்கட்சிக்காரர் அந்தக் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.