தடை என்று எழுதினேன்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு வார்ப்புக் கம்பெனியில் நான் குமாஸ்தா. மானேஜர் சொல்வதைத் தமிழில் எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டுவதும் என் வேலைதான். முத்து முத்தான கையெழுத்து என்று பெயர் வேறு. அந்தக் கையெழுத்தை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

விற்பனை வரி ஆபீஸ் கம்பெனி மேல் பெரிய வரியாகப் போட்டது. முதலாளி அப்பீல் செய்தார். அது விசாரணைக்கு வருமுன்னே, இயந்திரங்களை ஜப்தி செய்வோம் என்று ஆள் வந்து நின்றது. முதலாளி ஹைகோர்ட்டுக்கு ஓடினார். அப்பீல் முடியும்வரை வரியை வசூலிக்கக் கூடாது என்று ஸ்டே கிடைத்தது. நியாயமான உத்தரவு, அதில் எனக்குச் சண்டையில்லை. அன்று ஆபீசில் மைசூர்பாகு கொடுத்தார்கள். நானும் இரண்டு தின்றேன்.

மறுவாரம் மானேஜர் கூப்பிட்டார். தீபாவளி போனஸை இழுத்தடிக்க அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

“கோர்ட் தடை உத்தரவு இருப்பதால் போனஸ் இப்போது தர இயலவில்லைன்னு எழுதுப்பா. பொய் இல்லையே, தடை இருக்குல்ல?” என்று சிரித்தார்.

ஸ்டேக்குத் தமிழில் தடைதான். யாருக்குத் தடை, எதற்குத் தடை என்று மட்டும் எழுதக் கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னார், மறைத்துக் கொடுத்தேன். வெட்கங்கெட்டவன், தலைப்புக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடுகூடப் போட்டேன்.

உலையில் இரும்பு உருக்கும் தொழிலாளி ஒருவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் மனைவிக்குப் பிரசவமாகிப் பத்து நாள். மழைக்கு முன்னால் ஒழுகுகிற கூரையை மாற்ற அந்தப் போனஸைத்தான் நம்பியிருந்தார்.

“ஜட்ஜு நம்ம போனஸுக்குத் தடை போட்டுக்கீறாரு. அவுரு இன்னா நம்ம ஊட்டைப் பார்த்தாரா? நேர்ல போய்ச் சொன்னா எட்த்துடுவாரு” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

என் காதில் விழுந்தது. வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மெட்ராஸுக்கு ரயில் ஏறினார் மனிதர். ஹைகோர்ட் வராந்தாவில் ஜட்ஜைப் பார்க்க வேண்டும் என்று எதிரே வந்தவர்களையெல்லாம் கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வக்கீல் குமாஸ்தா, கம்பெனி பெயரைக் கேட்டு விசாரித்துவிட்டுச் சிரித்தாராம்.

“உங்க போனஸுக்கு யாருய்யா தடை போட்டா? வரி கட்டாம இருக்க உங்க முதலாளி வாங்கின தடைய்யா அது!”

மறுநாள் காலை நேராக என் மேஜைக்கு வந்தார்.

“தடை எதுக்குன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா சார்? அத்த மட்டும் சொல்லு.”

“தெரியும்.”

“அப்போ நீயே வந்து கிழி.”

மானேஜர் அறைக் கதவு திறந்திருந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவரே போய்க் கிழித்தார்.

சாயங்காலத்துக்குள் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கம்பெனி அறிவிப்பைக் கிழித்தது குற்றமாம். போனஸைப் பற்றி அதில் எழுதியிருந்த பொய் மட்டும் குற்றமில்லை. வேலைநீக்க உத்தரவையும் என்னைத்தான் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். கையெழுத்து வாங்க நீட்டியபோது அவர் அதைப் படிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

“இதுலயாவது நெசத்த எழுதிக்கீறியா சார்?”

எழுதியிருந்தேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.