ஒரு கிண்ணம் உப்பு

தட்டில் வைத்த, மென்று தின்னும் கசப்புக் கோலாக் கொட்டைகள் அப்படியே கிடந்தன. பெரியப்பா தொடவில்லை. அப்பாவின் அடக்கத்தைப் பேச வந்த பங்காளிகளை ஒலுச்சி ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

பங்காளிகளில் மூத்தவர் கோலாவை உடைத்தால்தான் பேச்சே தொடங்கும். பெண் கை அதை உடைக்கக் கூடாது. பேச்சு முடிந்தால்தான் இளவட்டங்கள் முற்றத்தில் குழி வெட்டுவார்கள். இல்லையென்றால் அப்பா பிணவறையிலேயே கிடக்க வேண்டியதுதான். ஊர் ஊராக நாடகம் போட்ட மனுஷனுக்குச் சொந்த வீட்டில் ஆறடி மண் இல்லையென்று ஊரே சிரிக்கும்.

எல்லாம் அவளுடைய நாவலால் வந்த வினை. அதில் ஓர் அண்ணன், உப்புக்கே பஞ்சமான போர்க்காலத்தில், ஒரு மூட்டை உப்புக்காகத் தம்பி ஒளிந்திருந்த இடத்தைச் சிப்பாய்களிடம் காட்டிக்கொடுக்கிறான். அப்பா சிறையில் இருந்தது உண்மை. பிடிபட்ட கதையை அவர் சொன்னதே இல்லை. அது அவளுடைய கற்பனை. ஆனால் அந்த அண்ணனின் பெயர் ஒச்செண்டோ. ஊர்ப் பெரியவர் என்ற பட்டத்தைப் பெரியப்பா ஏற்றபோது சூட்டிக்கொண்ட பெயர் அது. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும்.

"எழுதுற வீட்டுல பொறந்தவளாச்சே, இப்ப நாக்கு எங்க போச்சு?" என்றார் ஒரு பங்காளி. நாலு பேர் சிரித்தார்கள்.

பெரியப்பா கைத்தடியால் தரையைத் தட்டினார். "எல்லாரும் வெளிய போங்கடா. நான் எம் மககிட்டப் பேசணும்."

கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். சபிக்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"எம் பொண்ணு அடாகு உன் புத்தகத்த வாசிச்சுக் காட்டினா," என்றார், குரலைத் தாழ்த்தி. "மூட்டைன்னு எழுதியிருக்க. மூட்டை இல்லடி. ஒரு கிண்ணம். சோறு உப்பு இல்லாம எம் மூத்த பிள்ளை காலெல்லாம் வீங்கிச் சாகக் கெடந்தான்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது: அவள் கற்பனையாக எழுதியதை அவர் நிஜமாகவே செய்திருக்கிறார்.

"உங்கிட்ட யார் சொன்னது? உங்கப்பனுக்குத் தெரியுமா? தெரிஞ்சேதான் அம்பது வருசம் எங்கூட ஒரே தட்டுல சாப்பிட்டானா?"

அவர் அவள் பக்கம் குனிந்தார்.

அம்மாவின் கவிதையோ மகளின் நாவலோ, அப்பாவின் சிவப்புப் பேனா படாமல் அந்த வீட்டிலிருந்து அச்சுக்குப் போனதில்லை. நாவலை முதலில் எழுதியபோது ஒலுச்சி அந்த அண்ணனுக்கு வேறு பெயர்தான் வைத்திருந்தாள். அப்பா அதை அடித்துவிட்டு மேலே ஒச்செண்டோ என்று எழுதினார். "பெரியப்பா கோவிச்சுக்குவாரேப்பா" என்றதற்கு, "இந்தப் பேருதான் பொருந்துது, இருக்கட்டும்" என்றார். அவளும் விட்டுவிட்டாள்.

"அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது பெரியப்பா. பேரு நான் வச்சதுதான். புத்தி கெட்டுப்போய் வச்சுட்டேன்."

பெரியப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு கோலாவை எடுத்து உடைத்தார். ஒரு துண்டை அவளிடம் நீட்டிவிட்டு வாசலைப் பார்த்துக் கத்தினார்: "மம்பட்டிய எடுங்கடா!"

முற்றத்தில் மண் வெட்டும் சத்தம் கேட்டது. கசப்பை மென்றுகொண்டே ஒலுச்சி அப்பாவின் எழுத்தறையைப் பார்த்தாள். ஒச்செண்டோ என்று அப்பா சிவப்பு மையில் எழுதிய அந்தத் தாள்கள் பூட்டாத மேசை இழுப்பறையில் இருந்தன. இழவுக்கு வந்த அடாகுவை அந்த அறையில்தான் தங்க வைத்திருந்தார்கள்.