கம்பெனி வரலாற்றில் என் கால்

மூணாங்கிளாஸைத் தாண்டாத ஆளு நான். விளாங்குடியில் ஓலைக் கொட்டகைக்குள்ள வெல்டிங் பட்டறை போட்டேன். கலப்பை அடிச்சேன், டிரெய்லர் கட்டினேன், பிள்ளைகளைக் கரையேத்தினேன், திருநகரில் மாடி வீடு எழுப்பினேன். எல்லாத்துக்கும் மேல, ஒரு டிராக்டர் கம்பெனியையே சேத்துக்குள்ள இருந்து தூக்கி விட்டேன்.

அந்தக் கம்பெனி வண்டி இந்தப் பக்கம் புதுசா வந்தப்ப, பக்கத்துப் பரவை ஊரு நஞ்சையில் இறக்கினா எருமை மாதிரி படுத்துக்கிடும். சேத்துழவுக்கு மாட்டுற இரும்புச் சக்கரத்தில் பட்டைகளை நேரா வச்சிருந்தாங்க. மண் அப்பி, சக்கரமே மண்ணுருண்டையாயிரும். நான் பட்டைகளைச் சாய்ச்சு வெல்டு வச்சேன். சக்கரம் மண்ணைத் தானா உதறிட்டு ஓடுச்சு. கம்பெனி ஆளுக வந்து படம் பிடிச்சாங்க, அளவெடுத்தாங்க, கையைக் குலுக்கிட்டுப் போனாங்க.

இதை நான் சொல்லாத கல்யாண வீடு கிடையாது.

போன மாசம் மதுரையில் அந்தக் கம்பெனியோட ஆண்டு விழா. அவங்க வரலாற்றைச் சுவர் நீளத்துக்குப் படமா மாட்டியிருக்காங்கன்னு அக்கா மகன் சொன்னான். சொன்னதோட நிக்காம மண்டபத்து வாசலில் பிளெக்ஸும் வச்சுட்டான். கூலிங்கிளாஸ் போட்டு நான் வானத்தைப் பாக்குறேன். கீழே, 'டிராக்டரின் தந்தையே, வருக!' எனக்கும் உள்ளுக்குள்ள குளுகுளுன்னுதான் இருந்துச்சு. புதுச் சம்பந்தியைக் குடும்பத்தோட வேனில் ஏத்திக்கிட்டுப் போனேன்.

உள்ளே என் சக்கரம் இருந்துச்சு, அதே பழைய படம். பக்கத்தில் நின்ன என்னை மட்டும் முழங்காலுக்கு மேல இல்லாம வெட்டியிருந்தாங்க. கீழே, 'எங்கள் பொறியாளர்களின் சாதனை.'

சம்பந்தி சுவரை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பாத்தாரு. "எங்க சம்பந்தி, உங்களைக் காணோம்?"

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள என் வீட்டுக்காரி, "இந்தா இருக்காருல்ல! இது அவரு காலுதான், தழும்பைப் பாருங்க"ன்னு கூட்டம் கேக்கச் சொல்லிட்டா.

பின்னாடி ஒருத்தன், "வெளிய அம்புட்டுப் பெரிய பிளெக்ஸு, உள்ள காலு மட்டுந்தானா? தந்தையோட திருவடி, தொட்டுக் கும்பிட்டுக்க மாப்ள!"ன்னான். மண்டபமே சிரிச்சுச்சு. சம்பந்தி மட்டும் சிரிக்கல, தரையைப் பாத்தாரு.

சாப்பாட்டுக்கு நிக்கல. வெளிய வந்தா பிளெக்ஸில் நான் இன்னும் வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கேன். "அதை அவுத்துருடா"ன்னேன் அக்கா மகன்கிட்ட. "சாயங்காலம் வரைக்கும் பெர்மிஷன் இருக்கு மாமா"ங்கிறான்.

இப்பச் சம்பந்தி வீட்டுக்கு வந்தா மழையைப் பத்திப் பேசுவாரு, சுகரைப் பத்திப் பேசுவாரு. டிராக்டர்ங்கிற பேச்சையே எடுக்குறதில்ல. மரியாதைதான். அந்த மரியாதையில் நான் குறுகிப் போறேன்.

கம்பெனிக்காரங்களே, அந்த பிளெக்ஸ் எங்க தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா அந்தக் காலுக்கு மேல ஒரு ஆளு நின்னான். வெட்டின பாதியைத் திரும்ப ஒட்டுங்க. பட்டையைச் சாய்ச்சது யாருன்னு கீழே எழுதுங்க. அடுத்த விழாவுக்குச் சம்பந்தியை நான் திரும்ப அங்க கூட்டிட்டு வரணும்.