அண்ணனின் வாக்குமூலம்

அண்ணன் தன் பேத்திக்காக வீட்டில் குக்கரை நிறுத்தினார். அவரைச் சும்மா விடக்கூடாது என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது.

பேத்திக்கு நாலு வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், பேச்சு வரவில்லை, விசில் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உருளுவாள். டாக்டர்கள் ஆட்டிசம் என்றார்கள். அண்ணன் போலீஸில் சப் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் அவரிடம் குரல் உயர்த்திப் பேச ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர் பானையில் சோறு வடிக்கச் சொன்னார். காலிங் பெல்லைத் தானே கழற்றினார். வாசலில் ஹார்ன் அடித்த பால்காரரிடம், "பிள்ளைக்குச் சத்தம் தாங்காதுய்யா, தள்ளி நிறுத்திக்கோ" என்று கெஞ்சினார். நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கும் சத்தம் தாங்காது. எட்டு வயதில், ஆடிப்பூரத் தேர் அன்று அதிர்வேட்டு போட்டபோது நடு வீதியில் அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்த அண்ணன் என்னை வீட்டுக்கு இழுத்துவந்து பெல்ட்டால் அடித்தார். ஏழு அடி. அப்பா இல்லாத வீட்டில் அவர் வைத்ததே சட்டம். முகம் பார்த்துப் பேசாததற்கு அடி விழுந்தது. வந்தவர்கள் முன்னால் மனதில் பட்டதைச் சொன்னதற்கும் விழுந்தது.

பிறகு தளவாய்புரத்தில் கட்டிக்கொடுத்தார். ஆறாவது மாதம் என் கணவர் என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து, "பேசவே மாட்டேங்கா. தொட்டா விறைச்சுக்கிடுதா" என்று முறையிட்டார். அண்ணன் காபியை ஆற்றிக்கொண்டே சொன்ன பதில் அடுக்களையில் இருந்த எனக்குக் கேட்டது.

"ரெண்டு போடுங்க மாப்ள, சரியாயிருவா."

கணவர் போட்டார். பதினோராவது மாதம் திரும்பி வந்துவிட்டேன். அதிலிருந்து அண்ணன் வீட்டு மாடி அறையும் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் பரிசோதனைக் கூடமுமாக என் காலம் போனது. நூலின் குறையைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அண்ணனின் மருமகள் கிருஷ்ணன்கோவில் காலேஜில் வேலை பார்க்கிறாள். குழந்தையைப் பற்றி டாக்டர் கொடுத்த தாளை ஒருநாள் என்னிடம் காட்டினாள். என்னென்ன அறிகுறிகள் என்று அதில் வரிசையாகப் போட்டிருந்தது. இரண்டு தடவை படித்தேன். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போல இருந்தது.

ராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் சனிக்கிழமைதோறும் மதுரையிலிருந்து உளவியல் நிபுணர் ஒருவர் வருவார். போனேன். "பெரியவங்களுக்குப் பார்க்கக் கொஞ்சம் நாளாகும்" என்றார் அந்த அம்மா. மூன்று சனிக்கிழமை போனேன். நிறையக் கேட்டார். படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார். படத்தில் இருந்தவர் சட்டையில் எத்தனை பொத்தான், அதில் எது மாறியிருக்கிறது என்பதைத்தான் என்னால் சொல்ல முடிந்தது. முன்பு வேறொரு டாக்டர் என்னை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் தூக்க மாத்திரை எழுதியனுப்பியதையும் சொன்னேன்.

மூன்றாவது முறை, "சின்ன வயசுல உங்களை நல்லாத் தெரிஞ்சவங்க ஒருத்தர் வரணும். அம்மா இருக்காங்களா?" என்றார்.

"இல்ல. அண்ணன் இருக்காரு."

பஸ்ஸில் வரும்போது விழுந்த அடிகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "உன்னப் பத்தியா? எம்புட்டு வேணும்னாலும் சொல்லுதேன்." இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, அந்த அறையில் காலை அகட்டி உட்கார்ந்தார். என்னையும் உடன் இருக்கவிடச் சொல்லிக் கேட்டிருந்தேன், அந்த அம்மா சம்மதித்திருந்தார்.

"திமிருங்க, வேற ஒண்ணும் கிடையாது" என்று தொடங்கினார் அண்ணன். "கூப்பிட்டா திரும்ப மாட்டா. ஒரே பாவாடையத்தான் கட்டுவேன்னு நிப்பா. தேர் அன்னிக்கு வேட்டுச் சத்தத்துக்கு நடுரோட்டுல உக்காந்துகிட்டு ஊரையே கூட்டிட்டா."

"அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணு ரெண்டு போட்டேன்."

"ஏழு. பெல்ட்டால" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மா எழுதிக்கொண்டே, "ஏழா சார்?" என்றார்.

"இருக்கும்" என்றார் அண்ணன். அதற்குப் பிறகு அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. அவர் விட்டதையெல்லாம் நான் எடுத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளையிடம் சொன்னதையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். ஆயுசு பூராவும் அடுத்தவர் வாக்குமூலத்தை எழுதி வாங்கியவர். முடிவில், தகவல் தந்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். பேனா மூடியைப் போட அவருக்கு இரண்டு தடவை ஆனது. நான் அதை ரசித்துப் பார்த்தேன்.

"அடி எத்தனைன்னு சாதாரணமா ரிப்போர்ட்ல எழுதுறதில்லை" என்றார் அந்த அம்மா.

"எழுதுங்க மேடம்" என்றேன். எழுதினார்.

இரண்டு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. எனக்கும் ஆட்டிசம்தான். ஒரு வார்த்தை தெரியாமல் போனதால் நாற்பது வருஷம் அடியும் ஏச்சும் வாங்கியிருக்கிறேன். அழுகை வரவில்லை. ரிப்போர்ட்டை நகல் எடுத்து மருமகள் கையில் கொடுத்தேன். பகல் முழுக்கக் குழந்தை அண்ணனிடம்தான் இருந்தது. மருமகள் நின்றபடியே படித்தாள், அடிகளைப் பற்றி எழுதியிருந்த கடைசிப் பக்கம் வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும்போது குழந்தையை வன்னியம்பட்டியில் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். சாயங்காலம் வீட்டில் இருக்கும்போதும் அண்ணனிடம் தனியாக விடவில்லை.

நான்காம் நாள் அண்ணன் மாடிக்கு ஏறி வந்தார். அந்த அறைக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை.

"ஏட்டி, அந்தப் பிள்ளைய நான் அடிப்பனா?"

"தெரியாது. என்னைய அடிச்சீங்க."

"அப்ப தெரியலையே."

"நான் அழுதது தெரிஞ்சுதுல்லா."

படியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அன்று எனக்கு நன்றாகப் பசித்தது.

ஆனால் ஒன்றை நான் யோசிக்கவில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் பேத்தியை ஸ்டேஷனுக்கு ரயில் பார்க்கக் கூட்டிப்போவார். அது நின்றதும் அவள் அந்த நேரத்துக்குச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டருகே நின்றாள். அம்மா கூப்பிட்டும் வரவில்லை. அண்ணன் விரல் கிடைக்காமல் தலையைக் கம்பியில் முட்டினாள். நெற்றி வீங்கியது. வழக்கம் முறிந்தால் உள்ளே என்ன ஆகும் என்று அந்த வீட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அண்ணனுக்கு ஓங்கியது அவள் மேல் விழுந்திருந்தது.

மருமகளிடம் போய், "அவரு கூட்டிட்டுப் போகட்டும். நானும் கூடப் போறேன்" என்றேன்.

இப்போது மூன்று பேரும் போகிறோம். மில்லில் இருந்து சீக்கிரம் கிளம்பிவிடுகிறேன். ரயில் வரும்போது அண்ணன் குனிந்து அவள் காதுகளைப் பொத்துகிறார். அந்தக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும் என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

போன வாரம் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது என் பக்கம் திரும்பாமல் கேட்டார். "மருமககிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். இனிமே நான் மட்டும் கூட்டிட்டுப் போவேன்னு."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

குழந்தை அவர் விரலைப் பிடித்து இழுத்தது. நடந்தோம்.